தொட்டித் தண்ணி பளிச்சுனு இருக்கு... மீன் மட்டும் ஏன் சாகுது?

"அண்ணே, சனிக்கிழமை உங்ககிட்ட பத்து மீன் வாங்கிட்டுப் போனேன்ல... ஆறு செத்துப்போச்சுண்ணே."

"தண்ணி மாத்துனீங்களா தம்பி?"

"ரெண்டு தடவை மாத்திட்டேன். தொட்டியவே கழுவி வச்சேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்ப இந்தத் தடவை மோலி எடுத்துட்டுப் போங்க. அது தாங்கும்."

மதுரையில் ஏதாவது ஒரு வண்ண மீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. வாங்கியவர் மீது பெரிய தப்பில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. மோலி உண்மையிலேயே கொஞ்சம் தாங்கும். ஆனால் மீன் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு பேருமே பேசவில்லை.

செல்லூரில் ஒரு வாடகை வீடு, ஹாலில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்கு ஒரு நீல விளக்கு. வேலை முடிந்து வந்து பத்து நிமிஷம் அதைப் பார்த்தால் மனசு லேசாகும் என்றுதான் பலர் வாங்குகிறார்கள். நாலாவது நாள் ஒரு மீன் மல்லாக்க மிதக்கும். பத்தாவது நாள் தொட்டி காலி. ஒரு மாசம் கழித்து அதே தொட்டி மொட்டை மாடியில் கிடக்கும். இதில் பெரும்பாலான சாவுகளைத் தடுக்க முடியும். அதற்குத் தேவை கொஞ்சம் பொறுமையும் நாலு சோதனைக் குழாயும்.

முதல் வாரம் தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன் சாப்பிடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது. இந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. அது கழிவாக மட்டுமல்ல, பெரும்பகுதி செவுள் வழியாகவே நேராகத் தண்ணீரில் கலந்துவிடும். மீன் மூச்சு விடும்போதெல்லாம் வெளியேறிக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்னாமல் அடியில் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். இதற்கு நிறம் கிடையாது. இந்த அளவில் வாசமும் தெரியாது. அதனால்தான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்போதே மீன் செத்துக்கொண்டிருக்கும்.

குளத்திலும் ஆற்றிலும் இதே கழிவு விழுகிறது. அங்கே அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதான நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை; செடிக்கு அது உரம். இதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் 'சைக்கிள்' என்கிறார்கள். "உங்க டேங்க் சைக்கிள் ஆயிருச்சா?" என்று யாராவது கேட்டால், இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறிவிட்டனவா என்று கேட்கிறார்கள்.

புதுத் தொட்டியில் அவை இல்லை. கடையிலிருந்து வந்த கண்ணாடி, கழுவிய கூழாங்கல், புது ஃபில்டர் ஸ்பான்ஜ் எல்லாமே சுத்தம். அந்தச் சுத்தம்தான் பிரச்னை. இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். தயிர் உறைவது மாதிரி ஒரு ராத்திரியில் முடியாது. நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மேலே பேசிய தம்பி தொட்டியை முழுசாகக் கழுவியபோது, அதுவரை ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டார். மறுபடி முதல் நாள்.

ஒரு கிராம் தீனிக் கணக்கு

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். இந்த அளவுத் தொட்டியில் 56 லிட்டர் பிடிக்கும். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மீன் பண்ணைகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு கிலோ தீனி போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். அப்படியானால் ஒரு கிராம் தீனிக்கு 30 மில்லிகிராம். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். புது ஆர்வத்தில் தினம் ஒரு கிராம் போட்டால் நாலு நாளில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். பாக்டீரியா இல்லாத தொட்டியில் இது குறைய வழியே இல்லை.

இதில் எவ்வளவு கொல்லும்? இங்கேதான் மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகத் தீங்கு செய்யாது. இன்னொன்று கரைந்த வாயு வடிவம்; அது செவுளை அரிக்கும். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும்தான். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் ஏழரை சதவீதம். 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த விஷ வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் பாதிக்கத் தொடங்கும் என்கின்றன மீன்வளக் கையேடுகள். நம்முடைய 2.4 மில்லிகிராம் கணக்கை வைத்துப் பாருங்கள். பி.எச். 7-ல் 0.02 வரும், மீன் சமாளித்துவிடும். பி.எச். 8-ல் 0.18. எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மீன், தீனி, தொட்டி எல்லாம் ஒன்றுதான். தண்ணி மட்டும்தான் வேறு. பெங்களூரு நண்பர் வீட்டில் பிழைத்த மீன் இங்கே ஏன் சாகிறது என்று யோசிப்பவர்களுக்கு, வெயிலும் கடினத் தண்ணியும் ஒரு பதில்.

குழாயா, போரா, கேனா?

மதுரையில் தண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. தொட்டிக்கு வேண்டிய அளவு மட்டும் பார்ப்போம்.

மாநகராட்சிக் குழாயில் வரும் 'நல்ல தண்ணி'யில் ஒரு பங்கு வைகை அணையிலிருந்து வருவது. பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் ஊருக்குள் வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் (ஐ.எஸ். 10500), குளோரின் கலந்த தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு? நன்னீர் உயிரினங்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் குறுகிய கால எல்லை 0.019 மில்லிகிராம். அதாவது நாம் தைரியமாகக் குடிக்கும் தண்ணீரில் மீனுக்கான எல்லையைப் போலப் பத்து மடங்கு குளோரின் இருக்கலாம். நாம் அதைக் குடிக்கிறோம்; மீன் அதில் மூச்சு விடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

தீர்வு சுலபம். குழாயில் தண்ணி வரும் நாளில் ஒரு வாளியில் பிடித்து, மூடாமல், ஏர் மோட்டார் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் கடையில் 'ஆன்ட்டி குளோரின்' என்று கேட்டால் தருவார்கள். அதில் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொன்ன அதே உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிக் கொட்ட வேண்டியதில்லை.

போர் தண்ணியில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் உப்பும் கடினத்தன்மையும் தெருவுக்குத் தெரு மாறும். பாத்திரத்தில் வெள்ளைப் படலம், ஷவர் ஓட்டையில் அடைப்பு, சோப்பு நுரைக்காமல் இழுப்பது. இதெல்லாம் உங்கள் வீட்டில் உண்டென்றால் தண்ணி கடினமானது என்று சோதிக்காமலே சொல்லலாம். கடின நீரில் கப்பி, மோலி, பிளாட்டி மாதிரியான மீன்கள் நன்றாகவே வாழும். மோலி 'தாங்கும்' என்று கடைக்காரர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. டெட்ரா, டிஸ்கஸ் வகைகள் மென்னீர் மீன்கள். அவற்றை இந்தத் தண்ணியில் விடுவது வீண் செலவு. போர் தண்ணீரில் இன்னொன்றும் உண்டு: அதிலேயே நைட்ரேட் கலந்திருக்கலாம். கழிவுநீர்த் தொட்டிகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். அப்போது எத்தனை தடவை தண்ணி மாற்றினாலும் நைட்ரேட் இறங்காது. அதனால் தொட்டியைச் சோதிப்பதற்கு முன்னால் குழாய்த் தண்ணியைச் சோதியுங்கள்.

அடுத்து, 20 லிட்டர் கேன். "நாமளே கேன் தண்ணிதான் குடிக்கிறோம், மீனுக்கும் அதையே ஊத்திருவோம்" என்று நினைப்பவர்கள் நிறைய. நல்ல மனசுதான், ஆனால் தவறு. ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளோடு சேர்த்து கார்பனேட்டையும் எடுத்துவிடுகிறது. தண்ணீர் திடீரென்று அமிலமாகாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். இதை அளப்பதற்குத்தான் 'கே.எச்.' சோதனை. பாக்டீரியாக்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது சுமார் 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. கையிருப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணியில் சில வாரங்களில் பி.எச். சரிந்துவிடும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அமிலமான தொட்டியில் அம்மோனியா எவ்வளவு சேர்ந்தாலும் விஷமில்லாத வடிவத்திலேயே கிடக்கும். மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். யாராவது வந்து "தண்ணி மாத்தி ரொம்ப நாளாச்சே" என்று பாதித் தொட்டிக்குப் போர் தண்ணியை ஊற்றினால், பி.எச். எகிறி, கிடந்த அம்மோனியா மொத்தமும் விஷ வடிவத்துக்கு மாறத் தொடங்கும். மறுநாள் காலையில் மீன் இருக்காது. "தண்ணி மாத்துனதாலதான் செத்துச்சு" என்ற முடிவுக்குப் பலர் வருவது இப்படித்தான். மாற்றியது தப்பில்லை. சோதிக்காமல், ஒரேயடியாக மாற்றியது தப்பு.

போர் தண்ணி ரொம்பக் கடினம் என்றால் பாதி போர், பாதி கேன் என்று கலந்துகொள்ளலாம். ஒரு தடவை முடிவு செய்த கலவையை மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். 'சரியான' பி.எச். தேடி ஓடுவதைவிட மாறாத பி.எச். நல்லது.

எதைச் சோதிப்பது, எப்படி?

டி.டி.எஸ். பேனா ஒன்றை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, தண்ணியில் முக்கி, "180 காட்டுது, சூப்பர்" என்று திருப்தி அடைபவர்கள் உண்டு. அந்தப் பேனா மொத்தக் கரைந்த உப்பை மதிப்பிடும். அம்மோனியாவைத் தனியாகக் காட்டாது. 180 காட்டும் தொட்டியில் மீன் சாகலாம். 900 காட்டும் தொட்டியில் மோலி குட்டி போடலாம்.

புதுத் தொட்டிக்குத் தேவையான சோதனைகள் நாலுதான்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். முடிந்தால் கே.எச். காகிதப் பட்டை வடிவில் வரும் மலிவான கிட்கள் பலவற்றில் அம்மோனியா இருப்பதில்லை. மிக முக்கியமானதே இல்லாத கிட் எதற்கு? வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சொட்டு மருந்து மாதிரி வரும் திரவ கிட் விலை கூட. பத்து கப்பி வாங்கும் காசைவிட அதிகமாகவே ஆகும். ஆனால் ஒரு கிட்டில் நிறைய தடவை சோதிக்கலாம். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

சோதனை செய்வது பள்ளிக்கூட வேதியியல் லேப் அளவுக்குக்கூடக் கிடையாது. குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணி, சொன்ன அளவு சொட்டுகள், சில நிமிஷம் காத்திருப்பு, பிறகு நிற அட்டையோடு ஒப்பிடுதல். அம்மோனியா சோதனையில் மஞ்சள் அப்படியே இருந்தால் பூஜ்ஜியம், பச்சையை நோக்கிப் போகப் போக ஆபத்து. சறுக்கும் இடங்கள் இவை: குழாயை முந்தைய சோதனையின் மிச்சத்தோடு பயன்படுத்துவது, ஹாலின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது, இரண்டு நிமிஷத்திலேயே முடிவு சொல்வது. நைட்ரேட் சோதனையில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் நன்றாகக் குலுக்காவிட்டால் அடியில் தங்கிய பொடி வராது, அளவு குறைவாகக் காட்டும். ஏமாந்து போவது அதில்தான் அதிகம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வைத்தால் போன வாரத்தோடு ஒப்பிடலாம்.

கிட் வாங்க மனமில்லை என்றால் இன்னொரு வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் வீட்டுத் தண்ணியைச் சோதித்துத் தருவார்கள். கடினத்தன்மை, நைட்ரேட், பி.எச். எல்லாம் அறிக்கையில் வரும். போர் தண்ணி நிலவரம் தெரிந்துகொள்ள ஒரு தடவை இது போதும். இதே வாரியம் உருவாக்கிய களப் பரிசோதனைப் பெட்டியை வைத்துத்தான் கிராமங்களில் குடிநீரைப் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டியிலும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், குளோரின் சோதனைகள் இருக்கின்றன. குடிநீரில் இவை தெரிந்தால் எங்கோ கழிவு கலக்கிறது என்று அர்த்தம். மீன் தொட்டியிலும் அதே அர்த்தம்தான், கலப்பது யார் என்பது மட்டும் தெரிந்த விஷயம்.

மீனுக்கு முன்னால் பாக்டீரியா

1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீனும் செடியும் ஒன்றாக இருந்தால் தொட்டித் தண்ணி கெடாது என்று செய்து காட்டினார். மூன்று வருஷத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறந்தது. ஆனால் தொட்டிக்குள் உண்மையில் வேலை பார்ப்பது யார் என்பது தெளிவாக ரொம்ப நாள் ஆனது. 1998-ல்தான் அமெரிக்க ஆய்வாளர் திமோதி ஹோவனெக் குழு, மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது அதுவரை எல்லோரும் நம்பிய நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம்: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை மொத்த வேலையையும் ஒரே பாக்டீரியாவே செய்ய முடியும் என்று தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு அந்தப் பாக்டீரியா கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டியிலிருந்துதான்.

பாட்டிலில் விற்கும் 'பாக்டீரியா' வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை பயன்படும். சரியான வகை உயிரோடு இருந்தால் செய்யும். மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த பாட்டிலுக்குள் எது உயிரோடு இருக்கும் என்பதை யார் சொல்ல முடியும்? வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஊற்றிய அன்றே மீன் விடாதீர்கள். கிட் பூஜ்ஜியம் காட்டட்டும்.

நிச்சயமான வழி, மீன் இல்லாமலே தொட்டியை ஓட்டுவது. ஃபில்டர், ஏர் மோட்டார் எல்லாம் போட்டு, பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடாக நாமே கொஞ்சம் அம்மோனியா கொடுக்க வேண்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடலாம். மெதுவாக நடக்கும், நாறும். இன்னொரு பொருள் நம்ம ஊருக்குப் புதுசில்லை: நவச்சாரம். ஈயம் பூசுகிறவர்கள் பித்தளைப் பாத்திரத்தில் தூவித் தேய்ப்பார்களே, அதேதான். அதன் வேதிப்பெயர் அம்மோனியம் குளோரைடு. 50 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது என்பதால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்குவது நல்லது. நகை எடை பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் வசதி.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா மட்டும் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அது குறைய ஆரம்பித்து நைட்ரைட் ஏறும். இது ரொம்ப நாள் அசையாமல் நிற்கிற மாதிரி தோன்றும். பொறுமை போகும் கட்டம் இதுதான். பிறகு ஒரு நாள் நைட்ரைட்டும் சரிந்து நைட்ரேட் தெரியும். போட்ட 2 மில்லிகிராம் அம்மோனியாவும் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்றால் தொட்டி தயார். பாதித் தண்ணியை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். பாக்டீரியாக்களுக்கு வெதுவெதுப்பு பிடிக்கும் என்பதால் நம்ம ஊர் வெயில் இந்த ஒரு விஷயத்தில் உதவி செய்கிறது.

குறுக்கு வழி ஒன்று உண்டு, நேர்மையானதுதான். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பான்ஜ் ஒரு துண்டு கேளுங்கள். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் பாக்டீரியா குடித்தனம். காயவிடாமல் தொட்டித் தண்ணியிலேயே போட்டு எடுத்து வந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் பல வாரங்கள் மிச்சம். அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மீன் விட்டாச்சு, இப்போ?

இதைப் படிக்கும் பலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் சிவந்திருந்தால், ஒரு மூலையில் ஒதுங்கி நின்றால் முதல் வேலை தீனியை நிறுத்துவது. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும். கண்ணாடியருகே வந்து கெஞ்சுகிற மாதிரி பார்க்கும், மனசு இறங்காதீர்கள். அடுத்து, குளோரின் போக்கிய, அதே வகைத் தண்ணியில் கால் பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிகிற வரை தினமும் சோதித்து, தேவைப்பட்டால் தினமும் மாற்றுங்கள். கல்லையும் ஸ்பான்ஜையும் தொடாதீர்கள்.

நைட்ரைட் மட்டும் ஏறியிருந்தால் அடுப்படியிலேயே ஒரு மருந்து இருக்கிறது. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ரத்தம் காப்பி நிறமாகும். தண்ணீரில் குளோரைடு இருந்தால் செவுள் நைட்ரைட்டுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும். 10 லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றினால் போதும். இது அம்மோனியாவுக்கு மருந்தில்லை. அதற்குத் தண்ணி மாற்றுவது ஒன்றே வழி.

புதிதாக மீன் கொண்டுவரும்போதும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் சென்னை கொளத்தூர். அங்கிருந்து பையில் அடைத்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வரும் மீன்களின் பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட மூச்சில் சேர்ந்த கரியமில வாயு பி.எச்.சைக் குறைத்து அதை அடக்கி வைத்திருக்கும். பையைப் பிரித்தால் வாயு வெளியேறும், பி.எச். ஏறும். ஆன்லைனில் வாங்குபவர்கள் பையைப் பிரிக்காமல் தொட்டியில் 15, 20 நிமிஷம் மிதக்கவிட்டு, பிரித்தவுடன் மீனை வலையில் எடுத்து விட்டுவிடுவது நல்லது. பைத் தண்ணியைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பக்கத்துத் தெருக் கடையிலிருந்து கால் மணி நேரத்தில் வருகிற பைக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

வெயில், கரண்ட், கழுவும் பழக்கம்

20 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் இரண்டுக்குமே ஆக்சிஜன் வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டியை ஜன்னலோரம் வைப்பது, ராத்திரி "சத்தம் வருது" என்று ஃபில்டரை அணைப்பது இரண்டும் கூடாது. கரண்ட் பில் பயம் வேண்டாம்: 5 வாட் மோட்டார் மாசம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான்.

2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பித் தெருக்களுக்குள் தண்ணி வந்தது மாதிரியான நாளில் மீன் தொட்டியைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் சாதாரண மின்தடைக்கே பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று கையில் இருந்தால் நிம்மதி. கரண்ட் வந்ததும், பல மணி நேரம் நின்றுபோன மூடிய ஃபில்டராக இருந்தால், அதற்குள் தேங்கிய தண்ணியைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவுவதுதான் பழகிய தொட்டியையும் திரும்பப் புதுத் தொட்டியாக்கும் பழக்கம். குளோரின் கிருமியைக் கொல்லத்தானே இருக்கிறது, நல்ல கிருமி கெட்ட கிருமி என்று அது பார்க்காது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

ஆவியாதலையும் மறக்கக் கூடாது. 2017-ல் வைகை அணையில் தண்ணி ஆவியாகாமல் தடுக்க, அப்போது அமைச்சராக இருந்த செல்லூர் கே.ராஜு முன்னிலையில் தெர்மாகோல் மிதக்கவிட்டதும், அது காற்றில் கரை ஒதுங்கியதும் செல்லூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அணைக்கு எடுபடாத மூடி இரண்டடித் தொட்டிக்கு நன்றாகவே எடுபடும். மூடாவிட்டால் தண்ணி மட்டும் போகும், உப்பு தங்கும். குறைந்த அளவை மறுபடி மறுபடி போர் தண்ணியால் நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்டும் தண்ணிக்குத்தான் அந்த 20 லிட்டர் கேன் பொருத்தமானது.

பழகிய தொட்டிக்கு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணி மாற்றினால் போதும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் எப்போதும் பூஜ்ஜியம், நைட்ரேட் 40 மில்லிகிராமுக்குள். 20-க்குள் வைத்தால் இன்னும் நல்லது. ஏறினால் மீன் அதிகம், அல்லது தீனி அதிகம். வெளியே எடுக்கும் தண்ணியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் இருப்பது கரைத்த நைட்ரேட் உரம். மாடியில் இருக்கும் செம்பருத்தித் தொட்டிக்கு நேராக ஊற்றலாம். உப்பு போட்ட வாரம் மட்டும் வேண்டாம்.